குடும்பத்தில் வேறு யாருக்காவது

டண்டினோங். செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால்.
கௌசலா முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து
இப்போதுதான் படுத்திருப்பாள்.
படிவங்கள் எல்லாம் அவள் பொறுப்பு.
இன்று என் மடியில் நாலு பக்கம்.

"கண்ணாடியை மறந்திட்டன்" என்றேன்.
நான் கண்ணாடி போடுவதில்லை.
மிஸ் த்ரான் தலையாட்டிவிட்டுத்
தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை எடுத்தாள்.
எங்கோ ஒரு வீட்டுக் குசினியிலிருந்து,
பின்னால் குக்கர் கூவ, ஒரு தமிழ்ப் பெண்குரல்:
"வணக்கம். நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது."

பெயர்?
"பிரணிதா" என்றேன் நான்.
"பணிதா" என்றாள் அவள்.
ஏழு வயது. கொஞ்சம் நெரிசலான சொல் வந்தால்
ஒரு எழுத்தை வழியில் எங்கோ விழுத்திவிட்டு வருவாள்.
மிஸ் த்ரான் அவளுக்கு மிஸ் தான்.

கேள்விகள் தமிழாகி வந்தன.
எப்போது தவழ்ந்தாள். எப்போது நடந்தாள்.
காதில் சீழ் வடிந்ததா.
முதற்சொல் என்ன? அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை,
"போ".
குடும்பத்தில் வேறு யாருக்காவது
வாசிப்பதில், எழுதுவதில் சிரமம்?

"இல்லை."

அது ஆங்கிலத்தில் இன்னும் சின்னதாகிப் போய்
பெட்டிக்குள் ஒரு கோடாய் விழுந்தது.

போர் எனக்கு வசதியாக இருந்தது.
இதை நான் கௌசலாவிடம்கூடச் சொன்னதில்லை.
ஐந்து வருடத்தில் ஏழு பள்ளிக்கூடம்,
மரத்தின் கீழ், தறப்பாளின் கீழ்.
இடம்பெயர்ந்த பிள்ளை, பாவம் என்று
வாசிக்கச் சொல்லி எழுப்பாமலே விட்டார்கள்.
ஆனால் அதே தறப்பாளின் கீழ்தான் என் தம்பியும் இருந்தான்.
கச்சான் சுற்றிய பேப்பரைக்கூட அவன்
வாசித்து முடித்துவிட்டுத்தான் எறிவான்.
எனக்கு இரண்டு சுழியா மூன்று சுழியா என்று
எண்ணி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

இங்கே குளிர்க்களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு நிறம் உண்டு.
ரயிலுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன்:
தலையெழுத்தை விட்டுவிட வேண்டும்.
மிச்சத்தில் இரண்டு எழுத்து கை தூக்கி நின்றால்
பாக்கன்ஹாம்.
ஒன்று மட்டும் தூக்கினால் கிரான்போர்ன், எங்கள் வீடு.
பதினொரு வருடத்தில் இரண்டே தரம்தான் பிழைத்தது.

மிஸ் த்ரான் ஒரு படப்புத்தகம் எடுத்தாள்.
குடை வாங்கப் போகும் பெலிக்கன்.
எங்கள் வீட்டிலும் அது உண்டு, நூலகத்துப் புத்தகம்.
வாசித்தாள். மூடினாள்.
மறுபடி திறந்து,
அதே பக்கத்தில் அதே சொல்லை வாசித்தாள்.
பிரணிதா நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏன் கதை மாறேல்லை?"

குரல் அதை ஆங்கிலமாக்கியது.
மிஸ் த்ரானுக்கு விளங்கவில்லை.

"அப்பா வாசிச்சா மாறும்.
நேத்து பெலிகன் பால் வாங்கப் போனது.
முந்தநாள் அதுக்குக் காச்சல்."

இதை அந்தப் பெண் ஆங்கிலமாக்கவில்லை.
குக்கர் அடங்கியிருந்தது.
நான் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டிருக்கும்.

"அண்ணை" என்றாள் பிறகு.
அப்படி அழைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை என்று நினைக்கிறேன்.
"இதை நான் சொல்லத்தான் வேணும்.
சொல்லட்டா?"

பிரணிதா கதிரைக்குக் கீழே
பெலிக்கனுக்குக் குடை விரித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கோ" என்றேன்.
"முந்தி இல்லை எண்டு சொன்னன்,
அதையும் எடுக்கச் சொல்லுங்கோ."

மிஸ் த்ரான் கோட்டை வெட்டினாள்.
பெட்டிக்குள் ஒரு சொல் எழுதினாள்.
தலையெழுத்தை விட்டுவிட்டுப் பார்த்தேன்:
இரண்டு எழுத்து கை தூக்கி நின்றன.
பாக்கன்ஹாம் இல்லை.
அவ்வளவுதான் தெரிந்தது.

மேடையில் காற்று. பன்னிரண்டு நிமிடம் இருந்தது.
"இண்டைக்கு ராத்திரி பெலிகனுக்குச் சுகமாகுமா?"

தெரியாது, என்றேன்.
அது என்ன எழுதியிருக்கோ, பாப்பம்.