நாற்பத்து மூன்றுக்கு எட்டு

தம்பி இளம்பரிதி டயர் மாற்றிக்கொண்டு வந்த அன்று
ஜீப்புக்குள் ஏற நான் புடவையைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருந்தது.
இருபத்தெட்டு அங்குலம் இருந்த இடத்தில் முப்பத்தொன்று.
"இனி எந்தச் சேறும் நம்மளப் பிடிக்காது" என்றான்.
பிடிக்கவில்லைதான்.
இழுக்கவும் இல்லை.

தலைஞாயிறு தாண்டி, அடப்பாற்றுக் கரை.
பின்னால் இறால் தீவனம் இருபது மூட்டை.
கரை ஏறும் வளைவில் இரண்டாவது கியர் இருமியது,
ஒன்றுக்கு இறக்கினேன், அதுவும் முனகியது.
கிளட்ச் கருகும் வாடை
காலையில் தின்ற இட்லிவரை எட்டியது.
சமதளத்தில் முள் இருபத்தெட்டு என்றது;
போனதோ முப்பத்தொன்று.
பொய்யிலும் ஒரு ஒழுங்கு.

திருத்துறைப்பூண்டியில் புர்ஹான் பானட்டைத் திறக்கவே இல்லை.
"எஞ்சின்ல ஒண்ணும் இல்லக்கா.
மேட்டூர்ல தண்ணி இருக்கு, கடைமடைக்கு வந்து சேரல."
பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினார்,
சாக்பீஸால் ஒரு கோடு,
கையால் இரண்டு சுற்று.
நான் மல்லாந்து படுத்து ஷாப்டை எண்ணினேன்:
நான்கு, அப்புறம்
ஐந்தைத் தொடாமல் நின்ற ஒன்று.

கிரவுனில் முப்பத்தொன்பது பல், பினியனில் எட்டு.
நாலே முக்காலே அரைக்கால்.
தீவன பில்லின் முதுகில் எழுதி
முப்பத்தொன்றால் பெருக்கி
இருபத்தெட்டால் வகுத்தேன்.
ஐந்தே காலே அரைக்கால், இன்னும் ஒரு துளி.
"நாப்பத்துமூணுக்கு எட்டு" என்றார் அவர், பில்லைப் பார்க்காமலே.
நான்கு பல் கூடுதல்.
அந்த நான்கு பல்லுக்கு விலை கேட்டதும்
தம்பி வெளியே போய் டீ சொன்னான்.

"பின்னால மட்டும் இப்ப மாத்துவோமே,
முன்னால அறுவடைக்கு அப்புறம்?"
புர்ஹான் தலையாட்டவில்லை.
"பின்சக்கரம் பத்தடி போனா
முன்சக்கரம் பதினோரு அடி போகப் பாக்கும்.
நாலையும் பூட்டினீங்கன்னா ஒண்ண ஒண்ணு கடிக்கும்."
"சேத்துலதானே பூட்டுவோம்?"
"சேறு மன்னிக்கும் தம்பி. தார் மன்னிக்காது."

பின் செட் திருச்சியில் கிடைத்தது.
முன் செட் வருகிறது வருகிறது என்று பதினொரு நாள்.
அதுவரை தொடக்கூடாதென்று
குட்டி லீவரைச் செம்புக் கம்பியால் கட்டிவிட்டார்.

ஒன்பதாம் நாள் ராத்திரி, மழை.
பண்ணையில் கரண்ட் போய் ஏரேட்டர் நின்றது.
இறால் மேலே வந்து வாய் பிளக்கிறது என்று போன்.
தம்பி கம்பியை வெட்டினான்,
ஜெனரேட்டரை ஏற்றினான்,
உழுத வயல் மாதிரி கிடந்த கரையில்
நான்கு சக்கரமும் பூட்டிப் போய்ச் சேர்ந்தான்.
திரும்பும்போது பூட்டை எடுக்க மறந்தான்.
ரேஷன் கடைத் திருப்பத்தில், காய்ந்த தார் மேல்,
தேங்காய் உடைத்த சத்தம்.

குட்டை பிழைத்தது.
டிரான்ஸ்ஃபர் கேஸ் பிழைக்கவில்லை.
இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி
கழிப்பதா கூட்டுவதா என்று
வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன்.
திட்டுவதற்கு வைத்திருந்த வாக்கியம்
வாயிலேயே ஊறிப்போனது.

இப்போது முன்னும் பின்னும் ஒரே கணக்கு.
அதே வளைவு, அதே இருபது மூட்டை,
இரண்டாவது கியரில், பேச்சு நிற்காமல் ஏறுகிறோம்.
முள்ளும் ஏறக்குறைய உண்மை சொல்கிறது.
நூறு கிலோமீட்டருக்கு
ஒரு நானூறு மீட்டர் மட்டும் கணக்கில் விழாது.
புர்ஹான் சரிசெய்து தருகிறேன் என்றார்.
வேண்டாம் என்றேன்.
அந்த நானூறு மீட்டரைத்
தம்பி பேரில் எழுதியிருக்கிறேன்.