ஐந்தாம் இடம்

பிற்பகல் இரண்டுக்கு மின்சாரம் போகுமென்று
காலையிலேயே சொல்லிவிட்டது கைப்பேசி.
வெஸ்ட்வில் குன்றில், மூன்றாம் மாடியில்,
கொதிக்கும் எத்தனாலில் என் மஞ்சள் ஈந்தணைவி.

ஈனி என்கிறது ஒரு பாடநூல்.
எனக்கு நீளப் பெயர்தான் பிடிக்கும்:
ஈந்து, பிறகு அணைத்து.

இளஞ்சிவப்புக் கோபால்ட் உப்பை ஊற்றியதும்
செங்கல் நிறம் கலங்கி எழுகிறது.
இரண்டு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன்,
நாலு பக்கமும் உலோகத்தைப் பிடித்தாயிற்று.
இதுவரை எல்லாக் குடுவையிலும் ஒரே கதை.

வளையத்தின் கோடியில்
ஐந்தாம் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?
அதைத்தான் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
கோபால்ட்டிலிருந்து ஆறு பிணைப்பு தள்ளி.
அதைத் தொட்டதில்லை. தொட வழியுமில்லை.

நைட்ரோ உட்கார்ந்தால்
வளையத்து எலக்ட்ரானையெல்லாம் மடியில் கட்டிக்கொள்ளும்.
உலோகம் வறண்டு போய்
மிச்சமிருப்பதை இறுக்கிப் பிடிக்கும்,
முன்னூறு மில்லிவோல்ட் கூடுதலாக நெருக்கினால்தான்
ஒன்றை விடும்.
மீத்தாக்சி வாரி இறைக்கிற ஜாதி.
அதன் கோபால்ட்டுக்குக் கை ஓட்டை,
ஆக்சிஜன் வாசலில் தலைகாட்டினால் போதும்,
உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிடும்.
டெர்ட்-பியூட்டைல் பருத்த உடம்பு:
பக்கத்து மூலக்கூறை அண்ட விடாது,
எந்தக் கரைப்பானிலும் மறுபேச்சில்லாமல் கரையும்.

மின்முனையில் வரும் வளைவை
வாத்து என்பாள் நொம்வுலா.
நைட்ரோ வாத்து வலப்பக்கம் நகர்ந்து நீந்தும்.
இன்றைய வாத்துக்குக் கழுத்து வரைந்துகொண்டிருந்தபோது
இரண்டு மணி.

கலக்கி நின்றது. விசிறி நின்றது.
ஜன்னலுக்கு வெளியே குரங்குகளின் சத்தம் மட்டும் பெரிதானது,
நொம்வுலாவின் வாழைப்பழத்தைக் கொண்டுபோனது
எது என்று தெரியவில்லை.
அவள் சூலுவில் திட்டினாள், நான் சிரித்தேன்.

இருட்டில் கைப்பேசி மட்டும் ஒளிர்ந்தது.
பெர்த்திலிருந்து அண்ணன் கிரிபாஷன்:
ஷால்கிராஸ் வீட்டைக் கொடுத்துவிடலாமா?
அவன் வந்து ஒன்பது வருடம்.
போன மாதம் ஒரு தடவை கேட்டான், இதே கேள்வி.
அன்றிலிருந்து அப்பா
கேட் மோட்டாரைப் பழுதுபார்க்கவில்லை,
கையால் தள்ளித்தான் திறக்கிறார்.
குளியலறைச் சுவருக்கு வாங்கிய வெள்ளைப் பெயிண்ட்
மூடி திறக்காமல் கார் கொட்டகையில்.
யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அவசரத்தில் கிளம்பினோம்.
இரண்டு சிறு குப்பிகளை மூட மறந்தது நான்தான்.

காலையில் மீத்தாக்சி
டிகாக்‌ஷன் மாதிரிக் கறுத்துக் கிடந்தது,
இரவு முழுக்கக் காற்றைக் குடித்திருக்கிறது.
பக்கத்தில் நைட்ரோ, அப்படியே,
நேற்றைய நிறத்தில் ஒரு சாயல்கூடக் குறையாமல்.
ஒரே மேசை, ஒரே காற்று, ஒரே கோபால்ட்.

அளவெடுக்காத சோதனை இது, ஆய்வேட்டில் சேர்க்க முடியாது.
இருந்தாலும் நோட்டில் குறித்தேன்:
மூடி இல்லை. பதினேழு மணி நேரம். ஈரக்காற்று.
இதன் கீழே அடுத்த வரி:
பதிலி, குளோரோ. இடம், ஐந்து.

பதிலியை எழுதிவிட்டேன்.
பதில் எழுதவில்லை இன்னும்.
நொம்வுலா ஜன்னலைச் சாத்திவிட்டு
நைட்ரஜன் உருளையைத் திறக்கிறாள்,
குமிழி ஒன்று, இரண்டு, பிறகு விடாமல்.