றெஜினோல்ட் இங்கே இல்லை

முதற்கடிதம் நான் குடிவந்த மறுநாள் வந்தது.
சிவப்பு எழுத்து. சிங்களம், ஆங்கிலம்.
தமிழுக்குத் தாளில் இடம் போதவில்லைப் போலும்.
திரு. ஜே. றெஜினோல்ட்,
இரண்டாம் மாடி, கொட்டாஞ்சேனை:
இந்தக் கதவுதான்.

பிறகு ஆட்கள் வந்தார்கள்.
ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் படியிலே நின்றான்.
மற்றவன், கழுத்தில் சமில என்று பெயர் தொங்கியவன்,
மரியாதையாகத்தான் மணி அடித்தான்.
"றெஜினோல்ட் மஹத்தயா இன்னவாத?"
இல்லை என்றேன்.
எங்கே என்றான்.
தெரியாது என்றேன்.
தெரியாது என்பதும் ஒரு விலாசம்போல
எழுதிக்கொண்டான்.

கேட்கும் முன்னமே அடையாள அட்டையை நீட்டினேன்.
சந்திக்குச் சந்தி, பஸ்ஸுக்கு பஸ்,
நான் யாரென்று காட்டிக் காட்டிப் பழகிய கை.
யார் இல்லை என்று காட்ட நீட்டியது
இதுதான் முதற்தடவை.
படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்,
அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான்,
அங்கே றெஜினோல்ட் ஒளிந்திருப்பான் என்பதுபோல.

வீட்டுக்காரி என் நம்பரையும் கொடுத்துவிட்டாள்.
மருந்துக்கடையில் நீரிழிவுக் குளிசை எண்ணும்போது அழைப்பார்கள்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது,
"மிஸ், ஓட்டோ லீசிங் ஒன்பது மாதம் நிலுவை",
மறுபடி ஒன்றிலிருந்து.
ரீவி ஒன்று, தவணைக்கு.
நகைக்கடன் ஒன்று, மூழ்கிவிட்டது.
முகம் தெரியாத ஒருவனை
இப்படித்தான் அறிந்தேன், துண்டு துண்டாக,
அவன் கட்டாமல் விட்டவற்றைக் கொண்டு.

கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன்.
எங்கள் மொழி இருவரையும் ஒரே சொல்லுக்குள் விட்டுக்
கதவைச் சாத்திவிட்டது.
கதவுக்கு வாடகை கட்டுவது நான்.

குசினிச் சுவரில், காஸ் சிலிண்டருக்கு மேலே,
பென்சிலால் அவன் எழுதியவை கிடக்கின்றன:
காஸ் மாத்தினது 3/8.
30/9.
26/11.
அதன்பின் ஒரேயடியாக 14/3.
அதற்குக் கீழே திகதி இல்லை.
"லைனில் நம்பர் 212" என்று மட்டும்.
அந்த வருடம் பெற்றோல் வரிசையில்
ஓட்டோக்கள் எத்தனை நாள் தூங்கின என்று
எனக்கும் தெரியும். நானும் நடந்துதான் வேலைக்குப் போனேன்.
அழிறப்பர் எடுத்து வந்தவள்
வெங்காயம் வெட்டப் போய்விட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கரண்டை வெட்டினார்கள்.
பழைய பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
பில் அவன் பெயரில்.
குளிர்ப்பெட்டியில் எனது மீன்.
கட்டினேன், வேறென்ன செய்ய?
கவுண்டரில் இருந்த பிள்ளை
றெஜினோல்ட் என்று ரசீது அடித்துத் தந்தது.
"பெயர் மாத்த வேறு படிவம் இருக்கு மிஸ், திங்கள் வாங்க."

அந்த ரசீதைத்தான் சமிலவிடம் நீட்டினேன், ஆத்திரத்தில்.
பார், ஊரான் பாக்கியெல்லாம் நான் கட்டுகிறேன்,
இதற்குமேல் என்னிடம் என்ன இருக்கிறது என்று.
அவன் நிதானமாக வாசித்தான்.
ஹெல்மெட்காரனும் முதன்முறையாகப் படியேறி வந்து
ஹெல்மெட்டோடு வாசித்தான்.
"அப்ப," என்றான் சமில,
இந்தமுறை உடைந்த தமிழில், மெதுவாக,
"நீங்க அவருக்கு என்ன முறை?"

ரசீதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

முறை இல்லை என்று கத்தியிருக்கலாம்.
சிங்களத்தில் அதற்கு என்ன சொல் என்று
நான் தேடி முடிக்குமுன் மோட்டார் சைக்கிள்
சந்தி கடந்துவிட்டது.

இரவு காஸ் முடிந்தது.
புதுச் சிலிண்டரைப் பூட்டி, சவர்க்கார நுரை தடவிக்
கசிவு பார்த்து,
பென்சிலைத் தேடி எடுத்தேன்.
212க்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு,
இன்றைய திகதி.

நாளை அவர்கள் குசினிவரை வந்து பார்த்தால்
ஒரே வீட்டுக் கணக்கு என்பார்கள்.