ஆறாவது சட்டி

மாற்றலாகி அம்பாறைக்குப் போன நில அளவையாளர்
கல்லடி விடுதியின் பின்மதிலில்
ஆறு சட்டிகளை விட்டுப் போயிருந்தார்.
ஐஸ்கிறீம் குச்சிகளில் எழுதி நட்ட பெயர்களை
மார்கழி மழை கழுவிக் குடித்திருந்தது.

எனக்கு ஆட்பதிவுப் பிரிவில் வேலை.
தொலைந்த அட்டைகளுக்குப் பகல் முழுக்கப் படிவம் நிரப்பி
வீட்டுக்கு வந்தால் மதிலில் ஆறு பேர்
பெயரில்லாமல் நிற்கிறார்கள்.
அலுவலகப் பூதக்கண்ணாடியைக் கைப்பைக்குள் போட்டு வந்தேன்.

முதலில் பால் பார்க்க வேண்டும்.
குண்டூசியால் ஒரு குத்து.
வெள்ளையாய்ப் பொங்கினால் அது வேறு வம்சம்.
தண்ணியாய்க் கசிந்தால்
அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த வழி.
தமிழ் இரண்டையும் கள்ளி என்றே கூப்பிடும்,
தமிழுக்கு முள் போதும்.

பால் வந்த இரண்டு சட்டியை ஒதுக்கி வைத்தேன்.

மறுகா முட்கண்.
முள் வெறுந்தோலில் முளைப்பதில்லை,
பொட்டளவு பஞ்சுமெத்தை போட்டு
அதிலிருந்துதான் எழும்பும்.
மூன்றாவதற்குத் தட்டைத் தண்டு,
மெத்தை நிறைய மஞ்சள் பொடிமுள்:
கடற்கரையில் கேட்பாரற்றுக் கிடக்கிற நாகதாளி,
இவரிடம் மட்டும் சட்டி வாங்கியிருக்கிறது.
நாலாவதற்கு விலாவே இல்லை,
சுழன்று சுழன்று குமிழ்கள், உச்சியில் ஒரு வளையம் ரோஸ் பூ.
மமிலேரியா. சந்தேகமில்லை.
ஐந்தாவது அடியழுகல். பதியவில்லை.

ஆறாவதற்கு விலா பதினான்கு.
இரண்டு தரம் பதின்மூன்று வந்தது,
நூல் கட்டி எண்ணினேன்.
சுற்றுமுள் பத்து, நடுமுள் நாலு, நுனி கறுப்பு.
உயரம் சாணுக்குக் குறைவு.
காலடியில் மூன்று குட்டிகள்.
ஒரு கட்டம் மட்டும் வெறுமை: பூ.
அது தெரியாமல் இனம் சொல்ல ஏலாது என்றது
இரவல் வாங்கிய புத்தகம்.

கச்சான் காற்று தொடங்கிய கிழமை
விலாவின் பக்கத்தில் சாம்பல் மயிர் முடிச்சொன்று.
அடி கள்ளி, என்றேன்.
அந்த வெள்ளிக்கிழமை பார்த்துத்தானா
பொத்துவிலில் மச்சாள் மகளுக்குக் கலியாணம்.

ஞாயிறு இரவு வந்து பார்க்க
சாண் நீளக் குழல்
நனைந்த காலுறை போலத் தொங்கியது.

பக்கத்து வீட்டு டிலக்சன் பார்த்திருக்கிறான்.
'ராவு பத்து மணியிருக்கும் அன்ரி. இவ்வளவு பெரிசு. மணந்தது.'
நிறம்?
'வெள்ளை.'
'இல்ல மனே, ரோசாவெல்லே' என்றாள் தாய் சுகுணவதி.
'டோர்ச் வெளிச்சத்துல மஞ்சளாத்தான் கிடந்துது.'
படமும் எடுத்தானாம்.
படம் முழுக்க அவன் விரல்.

குழலின் மயிர் குடும்பப் பெயரைச் சொல்லிவிட்டது: எக்கினொப்சிஸ்.
வெள்ளை என்றால் ஓரினம், ரோசா என்றால் இன்னோரினம்.
சாட்சிகள் இரண்டு பேரும் பொய் சொல்லாதவர்கள்.
வாடிய இதழைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தேன்.
தேநீர் நிறம்.
சட்டியை இறக்கி வைத்த அவசரத்தில்
நாகதாளியில் பெருவிரல் பட்டது.

திங்கள் காலை வரிசையில் முதல் ஆள்
நாவலடிக் கரைவலைக்காரர் கணபதிப்பிள்ளை.
பிறந்த வருசம்?
'சூறாவளிக்கு நான் தவண்டதாம்.'
'சூறாவளிக்குப் பிறகுதானே பிறந்தது' என்கிறாள்
கூட வந்த தமக்கை.

பேனாவை வைத்துவிட்டுப் பென்சில் எடுத்தேன்.

கையெழுத்து வராதென்றார்.
மையில் அவர் பெருவிரலை உருட்டி,
தாளில் வைத்து, மேலே என் விரலால் அழுத்த
எனக்குக் குத்தியது.