ஏழில் எத்தனை

நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து
அவரை இறக்கிவிட்டோம்.
இறக்கிய குழுவில் நானும் ஒருத்தி. சம்பளப் பட்டியலில்
மனித இயந்திர ஊடாட்டம், இளநிலை, என்று இருக்கும்.

இப்போது பூபாலன் சிகாமணிக்கு
குளிரூட்டிய அறை, ஆறு திரை, சுழல் நாற்காலி.
ஜன்னல் இல்லை.
டர்பன் துறைமுகம் இருபத்தோரு வருடம்
அவர் கால்களுக்குக் கீழே கிடந்தது,
இன்று முகத்துக்கு எதிரே நிமிர்ந்து நிற்கிறது, சத்தமில்லாமல்.

நான் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.
கருவிழி எங்கே போகிறது,
எத்தனை மில்லிநொடி தங்குகிறது,
மணி அடித்தால் விரல் எப்போது அசைகிறது,
எல்லாம் எண்ணாகி எனக்கு வரும்.
நாற்காலிக்கடியில் விரித்த அழுத்த விரிப்பால்
வலது காலும் வந்தது.
அதை நான் கேட்கவில்லை.

தென்மேற்குக் காற்று பிளஃப் குன்றைத் தாண்டும் நேரம்
மூன்றாம் திரையின் ஓரத்தில்
இழுவைப் படகொன்றின் கொடி புரளும்.
அவர் பார்வை அங்கே போனதாகப் பதிவு இல்லை.
கணினி இன்னும் பச்சை.
குதிகால் தரையை அழுத்தும்,
மிதி எதுவும் இல்லாத இடத்தில்.
பழைய கூண்டிலும் அங்கே மிதி இல்லையாம், விசாரித்தேன்.
"அப்புறம் ஏன்?"
"கூண்டு ஆடும். ஊன்றிக்கணும்."
"இது ஆடாதே."
"ஆடாது," என்றார்,
நான் ஏதோ குறை சொல்லி, அவர் அதை ஒப்புக்கொண்டதைப் போல.

முதல் அறிக்கையில் அந்தக் காலை
இரைச்சல் என்று வகைப்படுத்தி நீக்கினேன்.
வரைபடம் அழகாக வந்தது.

பிறகு படிவம்.
இயந்திரத்தை எவ்வளவு நம்புகிறீர்கள்?
ஒன்றிலிருந்து ஏழுக்குள் வட்டமிடுக.
ஆங்கிலத் தாளில் மூன்றைச் சுற்றியே வட்டங்கள்.
ஜூலு தாளில் ஆறு, ஆறு, மறுபடி ஆறு.
அதே ஷிஃப்ட், அதே திரை, அதே மணி.
பண்பாட்டு வேறுபாடு என்று எழுதச் சொன்னார் பேராசிரியர்.
மொழிபெயர்த்த நொக்வாஸி தேநீரை ஊதிக்கொண்டே சொன்னாள்:
"எங்கள் சொல்லில் பாதி, நல்லது நடக்கட்டும் என்பதுதான்.
பிரித்து வாங்க முடியாது."

வீடு திரும்பும் டாக்சியில், பதினாறு பேருக்கு நடுவே,
என் சொல்லைப் புரட்டிப் பார்த்தேன்.
நம்பிக்கை.
பாலத்தின் மேல் கால் வைக்குமுன் வைப்பது.
கடன் வாங்கிப் போனவன் மேல் வைப்பது.
ஆஸ்பத்திரி வராந்தாவில், வேறொன்றும் மிஞ்சாதபோது
வைத்துக்கொள்வதும் அதேதான்.
ஏழில் எத்தனை என்றால்
எதில் எத்தனை என்று திருப்பிக் கேட்கும்.

ஆறு போட்ட சிபொனேலோவிடம் போனேன்.
"அது தவறினால் பழி என் மேல் விழும்.
தவறாமல் இருக்கட்டும். அதற்குத்தான் ஆறு."
"ஏன் ஏழு இல்லை?"
"ஏழு போட்டால், நீ எதற்கு இங்கே என்று கேட்பீர்களே."

பூபாலன் வெற்றுத் தாளைத் தந்தார்.
மூலையில் பென்சிலால் ஒரு வரி:
என்னைப் பற்றி அதற்கும் ஒரு தாள் கொடுத்தீர்களா?

ஆகஸ்ட் பத்தொன்பது, பிற்பகல் மூன்று பத்து.
குதிகால் அழுத்தியது.
கை, யாரும் சொல்லாமல், வேகத்தைத் தளர்த்தியது.
நான்கு நொடி கழித்துக் கணினி மஞ்சளானது.
கம்பி ஒருமுறை ஆடி அடங்க, கொள்கலன் இறங்கியது.
யாரும் நாற்காலியை விட்டு எழவில்லை.
பதிவேடு எழுதிக்கொண்டது:
எச்சரிக்கை வெற்றி. இயக்குநர் இணங்கினார்.

இணங்கினார்.

அன்றிரவு, நீக்கிய நெடுவரிசையைத் திரும்பக் கொண்டுவந்தேன்.
தலைப்பு வேண்டும் என்றது மென்பொருள்.
கால் என்று தட்டினேன்.
பழந்தமிழில் காற்றுக்கும் அதுதான் பெயர்,
அதைப் பேராசிரியரிடம் சொல்லப் போவதில்லை.
அடுத்த கட்டம் அலகு கேட்டது.
நொடியா, கிலோவா, ஏழில் எத்தனையா.

இன்னும் நிரப்பவில்லை.