ஒரே துளை

பனிக்கட்டி எங்களுக்கு மீன் பெட்டியில்தான்.
குளிர்நாட்டுக்கு வேலைக்குப் போன அக்காள் மகன் அனுப்பிய வீடியோவில்
ஒரு ஏரி முழுக்கப் பாறையாகக் கிடந்தது.
அறுத்தெடுத்த சதுரத்தின் ஓரம்
ஒருவன் நரம்புக் கயிற்றோடு,
ஒருத்தி ஈட்டியோடு,
கறுப்புக் கூடாரத்துக்குள்
மூச்சைப் புகையாக விட்டபடி.

ரூபவதி மூன்று தடவை பார்த்தாள்.
"நம்ம குட்டைக்கும்தான் மூடி இருக்கே" என்றாள்.

இருந்தது.
பத்தாங் பெர்ஜுந்தை
(பலகையில் புதுப் பெயர்;
பஸ்காரன் வாயில் இன்னும் இதுதான்),
செம்பனை முடிகிற இடத்தில்
ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளம்.
கரையிலிருந்து நாற்பது அடிக்கு
ஆகாயத்தாமரை,
நாய் நடந்தால் தாங்கும்,
நாங்கள் நடந்தால் யோசிக்கும்.

ஞாயிறு. ஆலைக்கு விடுமுறை.
பழைய கதவு இரண்டைப் போட்டுப் போனோம்.
ஒன்றில் இன்னும் தாழ்ப்பாள் இருந்தது.
பாராங்கால் வேரை வெட்டி
ஒரு பாய் அகலத்துக்குத் துளை.
மேலே நீலக் கன்வாஸ்.
உள்ளே இருட்டானதும்
தண்ணீர் விளக்கேற்றிக்கொண்டது;
அடியில் மூழ்கிய மட்டை, ஒரு சைக்கிள் சக்கரம்,
எல்லாம் தெரிந்தது.

கன்வாஸுக்குள் குந்தியபோதுதான்
இவளோடு இத்தனை நெருக்கமாய் உட்கார்ந்து
ஒன்பது மாதம் ஆகிறது என்று உறைத்தது.

கூட்டுப் பணம்.
மூன்றாம் மாதமே அவள் சீட்டு எடுத்தாள்.
நான்காம் மாதத்திலிருந்து கட்டவில்லை.
மற்றவர்களைக் கூட்டி வைத்தவள் நான்,
எண்ணூறு வெள்ளி என் கையிலிருந்து போனது.
அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
மீன் பிடிக்கும்போது பேசக் கூடாது என்பது
எங்கள் இருவருக்கும் வசதி.

என் கையில் நரம்பு. நுனியில் உயிரோடு ஒரு லம்பாம்.
அவள் கையில் செரம்பாங்,
மூன்று முள், மூங்கில் பிடி.
நான் ஏமாற்றி மேலே கொண்டுவர வேண்டும்,
அவள் இறக்க வேண்டும்.
மீன் தெரிகிற இடத்தில் இருக்காது,
இன்னும் கீழே இருக்கும் என்று
அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மணி நேரம்.
கொசு அவள் புருவத்தில் உட்கார்ந்தது.
தட்டிவிடக் கை எழுந்து,
கயிறு நினைவுக்கு வர, இறங்கியது.

பிறகு லம்பாம் நடுங்கியது.
மட்டை என்று நினைத்திருந்தது
அசைந்து
தோமானாகியது.
என் முழங்கை நீளம், அதற்கும் மேல்.
வாயைத் திறந்ததைக்கூட நான் பார்க்கவில்லை,
விரலில் கயிறு அறுத்தது, அவ்வளவுதான்.

இழுத்தேன். கதவு சாய்ந்தது.
"விடாதடி" என்றாள்.
ஒன்பது மாதத்தில் முதல் டி.
இரண்டு முழம், ஒரு முழம்,
நரம்பைச் சுற்றிய என் மணிக்கட்டு
தண்ணீரைத் தொடும் தூரம்.
அவள் ஓங்கினாள்.

அந்த நொடியில் கையை எடுத்திருக்கலாம்.
ஏன் எடுக்கவில்லை என்று
இன்றுவரை எனக்கே தெரியாது.

முள் என் கட்டைவிரலை ஒட்டி இறங்கியது.
மீன் முதுகில் ஒரு கோடு கிழித்தது,
நரம்பை வெட்டியது.

தண்ணீர் கலங்கி
சைக்கிள் சக்கரம் மறைந்தது.
என் கையில் கனமில்லாத ஒரு முழக் கயிறு.
அவள் கன்வாஸை விலக்கினாள்,
வெயில் முகத்தில் அறைந்தது.
"உன் விரல்," என்றாள்.
எண்ணிக் காட்டினேன், ஐந்து.
அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும்.
அந்தச் சிரிப்பில் கதவு ஆடி
தாழ்ப்பாள் தானாகக் கிளிக் என்றது.

வீட்டுக்குப் போகும் வழியில்
மோட்டாரில் பின்னால் உட்கார்ந்தபடி
"மாசம் ஐம்பதா தரட்டுமா" என்றாள்.
காற்றில் கேட்காதது போல் ஓட்டினேன்,
அவள் இன்னொரு முறை சொல்லட்டும் என்று.

காலிப் பெட்டியில் ஐஸ் உருகி
செம்மண்ணில் சொட்டிக்கொண்டே வந்தது.
அங்கே அந்த மூடியின் கீழ்
வாயில் என் கொக்கியோடும்
முதுகில் அவள் கோட்டோடும்
ஒன்று நீந்திக்கொண்டிருக்கும்.