எட்டாவது ரிப்போர்ட்

ஏழு ரிப்போர்ட்டிலும் ஒரே வரி:
குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.
கப்பலூர் டோல்கேட்டில்
சில்லறைக்கு நீளும் என் கை மட்டும்
அதை நம்பவில்லை.

இன்று கே.கே.நகர்.
மூக்குத்தி கழல மாட்டேனென்றது,
சோப்புப் போட்டுத் திருகினாள் நர்ஸ்.
"அசையாதீங்க. வலிச்சா பட்டனை அமுக்குங்க."

குழாய்க்குள் தடதடவென்று
செல்லூர்த் தறிச் சத்தம்;
பிறந்த தெருவில் படுத்த மாதிரி.
அமுக்கினேன். அமுக்கினேன்.
அப்புறம் விரலை எடுக்கவேயில்லை.

திரையில் ஓர் ஆரஞ்சுத் திட்டு.
"கை நல்லாத்தாம்மா இருக்கு.
எரியுறது இங்க.
ஏன்னு இன்னும் தெரியல" என்றார்
டாக்டர் செண்பகவடிவு.

தெரியாவிட்டால் போகட்டும்.
வீட்டுக்காரருக்குக் காட்ட
போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டேன்.

திருமங்கலம் பஸ்ஸில்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
மிளகாய் விதையளவு.

இத்தனூண்டு இருந்துக்கிட்டா
என்னைப் பொய்க்காரி ஆக்குனே?